மகன்கள் எடுக்காத உளி

ஜப்பானின் நாரா நகரில் யகுஷிஜி என்றொரு புத்தர் கோயில் இருக்கிறது. அதன் முற்றத்தில் இரண்டு மரக் கோபுரங்கள். கிழக்கே நிற்பது 730-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. மேற்கே நிற்பது 1981-இல் கட்டி முடிக்கப்பட்டது. அந்த இடத்தில் முன்பு இருந்த கோபுரம் 1528-இல் போர்த் தீயில் எரிந்துபோனது. புதியதைக் கட்டிய தலைமைத் தச்சர், பழையதன் இரட்டைப் பிறவிபோல அதை எழுப்பினார். ஆனால் ஏறக்குறைய ஓரடி கூடுதல் உயரத்தில் நிறுத்தினார். அளவில் நேர்ந்த பிசகு இல்லை அது. மரம் காயும், ஓட்டின் பாரம் அழுத்தும், பொருத்துகள் ஒன்றோடொன்று நெருங்கும், நிலம் அமிழும். சில நூறு ஆண்டுகள் போனால் இரண்டு கோபுரங்களும் ஒரே உயரத்துக்கு வந்து நிற்கும் என்பது அவர் போட்ட கணக்கு. தான் பார்க்கப் போவதில்லை, தன் பேரனின் பேரனும் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தே போட்ட கணக்கு.

அந்தத் தச்சர் நிஷியோகா சுனேகசு. 1908-இல் பிறந்து 1995-இல் மறைந்தவர். நாராவுக்குப் பக்கத்தில் இகருகாவில் உள்ள ஹோரியுஜி கோயிலைத் தலைமுறை தலைமுறையாகப் பழுதுபார்த்து வந்த தச்சர் குடும்பத்தின் வாரிசு. உலகில் இன்றும் நிற்கும் மரக் கட்டடங்களில் மிகப் பழையவை ஹோரியுஜியில்தான் இருக்கின்றன. இப்படி ஒருவரைப் பற்றிப் பேச்சு எழுந்தால், இதெல்லாம் ரத்தத்தில் ஊறிவருவது என்று நாம் சட்டென்று சொல்லிவிடுகிறோம். நிஷியோகாவின் வாழ்க்கையை உன்னிப்பாகப் பார்த்தால் அந்தச் சொல் நிற்காது. பழைய கட்டடத்தைக் காப்பவருக்குக் குடும்ப மரபு தருகிற பெரிய சொத்து கைத்திறன்கூட இல்லை. காலத்தை நீளமாகப் பார்க்கும் பழக்கம்தான் அது. ஒரு ஆயுளுக்குள் அடங்காத வேலையை ஒரு ஆயுளுக்குள் நின்று செய்யக் கற்றுத்தரும் பழக்கம். அதைக் குடும்பம் தர முடியும். குடும்பம் மட்டும்தான் தர முடியும் என்று நினைப்பதுதான் பிழை. அந்தப் பிழையைச் செய்யாததால்தான் ஜப்பான் தன் மரக் கோயில்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது என்பது என் வாதம்.

முதலில், குடும்பம் என்ன தந்தது என்று பார்க்க வேண்டும். நிஷியோகாவின் தாத்தா சுனேகிச்சி ஹோரியுஜியின் தலைமைத் தச்சர். தந்தையும் அதே தொழில். பள்ளி முடிந்ததும் பையனைத் தொழிற்பள்ளிக்கு அனுப்பலாம் என்று தந்தை நினைத்தார். தாத்தாவோ வேளாண் பள்ளிக்கு அனுப்பினார். தச்சனாகப் போகிறவன் உரத்தையும் நாற்றையும் ஏன் படிக்க வேண்டும் என்பது அந்தப் பையனுக்கே அப்போது விளங்கவில்லை. மரம் மண்ணில் முளைப்பது. மண்ணைத் தெரியாதவனுக்கு மரம் தெரியாது. மரம் தெரியாதவன் கட்டுவது நிற்காது என்பது தாத்தாவின் எண்ணம். கோயில் தச்சர்கள் தலைமுறைகளாக வாய்மொழியாகக் கைமாற்றி வந்த விதிகள் சில உண்டு. மரத்தைத் தனித்தனியாக வாங்காமல் ஒரு மலையையே பார்த்து வாங்கச் சொல்கிறது ஒன்று. மலையின் தென்சரிவில் வளர்ந்த மரம் கட்டடத்திலும் தெற்கே நிற்கட்டும், வடசரிவில் வளர்ந்தது வடக்கே நிற்கட்டும் என்கிறது இன்னொன்று. மரத்தின் முறுக்கை அதன் குறையாக எண்ணித் தள்ளாமல், இடப்பக்கம் முறுகுவதையும் வலப்பக்கம் முறுகுவதையும் எதிரெதிரே பூட்டு, ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும் என்கிறது மற்றொன்று.

கேட்பதற்குப் பழமொழிபோல இருக்கும் இந்த விதிகளுக்குள் கெட்டியான காரணங்கள் இருக்கின்றன. வெயில் படும் பக்கம் வளர்ந்த மரத்தில் கிளைகள் அதிகம், அதனால் கணுக்களும் அதிகம். குளிர்ந்த சரிவில் வளர்ந்ததில் கணு குறைவு. காற்று ஓயாமல் ஒரு திசையில் தள்ளும் இடத்தில் நின்ற மரம், அதை எதிர்த்து நின்ற முறுக்கைத் தன் நாரிலேயே வைத்திருக்கும். அறுத்துத் தூணாக்கிய பிறகும் அந்த முறுக்கு விடாது. மலையைப் பார்க்காமல் மரக்கடையில் வெட்டி அடுக்கிய கட்டையைப் பார்ப்பவருக்கு இது தெரிய வழியில்லை. ஹினோக்கி என்ற ஊசியிலை மரத்தை ஆராய்ந்த ஜப்பானிய அறிஞர் கோஹாரா ஜிரோ, அது வெட்டப்பட்ட பிறகு இருநூறு, முந்நூறு ஆண்டுகள் வரை வலிமை கூடிக்கொண்டே போகிறது என்றும், பின்பு மெல்லக் குறைந்து ஆயிரம் ஆண்டுக்கு மேல் கழிந்த பிறகே வெட்டிய நாளின் வலிமைக்கு வருகிறது என்றும் கண்டார். ஆயிரம் ஆண்டு வளர்ந்த மரத்தை ஆயிரம் ஆண்டு நிற்கும்படி கட்ட வேண்டும் என்று தச்சர்கள் சொல்லிவந்ததற்கு ஆய்வுக்கூடத்தில் கிடைத்த சாட்சி என்றே இதைச் சொல்லலாம். ஹோரியுஜி கோபுரத்தில் ஓடுகளை இறக்கியதும், பாரத்தால் தாழ்ந்திருந்த இறவாணக் கைமரங்கள் சில நாட்களில் மெல்ல நிமிர்ந்தன என்று நிஷியோகா சொல்லியிருக்கிறார். பதின்மூன்று நூற்றாண்டு பழைய மரத்தை இழைத்தால் இன்னும் வாசம் வரும் என்பதும் அவர் கண்டது.

இனி, குடும்பம் தர முடியாதது எது என்பதற்கு வருவோம். கட்டுரையின் கனமான பகுதி இதுதான். ஹோரியுஜியின் தூண்களையும் பலகைகளையும் தொட்டால், மேற்பரப்பு கண்ணாடிபோல வழவழப்பாக இராது. அகலமான இலை இலையாகச் சீவிய தடங்கள் தெரியும். யாரிகன்னா என்ற ஈட்டி வடிவக் கருவியின் தடங்கள் அவை. பிற்காலத்தில் இழைப்புளி வந்ததும் யாரிகன்னா வழக்கொழிந்தது. நிஷியோகாவின் தாத்தாவுக்கும் அதைப் பிடிக்கத் தெரியாது. அவருடைய தாத்தாவுக்கும் தெரிந்திருக்காது. வாய்மொழி விதிகள் உயிரோடு இருந்தன, கருவி செத்துப்போயிருந்தது. நிஷியோகா பழைய மரத்திலிருந்த தடங்களைப் படித்து, பழங்கால மாதிரிகளைப் பார்த்து, கொல்லரிடம் கருவியை அடித்து வாங்கி, எந்தச் சாய்வில் பிடித்து இழுத்தால் அதே தடம் விழுகிறது என்று செய்து செய்து பார்த்து, அந்த வித்தையை மீட்டார். அதாவது, அவருடைய மிகப் பெயர்பெற்ற திறமை பரம்பரையாக வந்ததில்லை. செத்துப்போன ஒன்றை அவர் கட்டடத்திடமே கேட்டுக் கற்றார். பரம்பரைத் தச்சர் என்ற அடையாளத்தோடு வாழ்ந்தவர், அந்த இடத்தில் ஒரு தொல்லியலாளரின் வேலையைச் செய்திருக்கிறார்.

அதற்கு அவருக்கு வாய்ப்புத் தந்தது குடும்பம் இல்லை, அரசு. 1934-இல் ஹோரியுஜியின் பெரும் திருப்பணியை ஜப்பான் அரசு தொடங்கியது. ஒவ்வொரு கட்டடமாகப் பிரித்து, ஒவ்வொரு உறுப்பையும் அளந்து, எண் எழுதி, கெட்டதை மாற்றி, நல்லதை மீண்டும் அதனதன் இடத்தில் பூட்டும் வேலை. முடிய 1985 ஆனது. இருபதுகளின் நடுவில் இருந்த நிஷியோகா தொடக்கத்திலேயே அதில் பொறுப்பேற்றார். போர்க்காலத்தில் பலமுறை ராணுவத்துக்கு அழைக்கப்பட்டார். திரும்பி வந்ததும் அதே வேலை. ஐந்தடுக்குக் கோபுரமும் கொண்டோ எனப்படும் தங்க மண்டபமும் அவர் கையால் பிரிக்கப்பட்டுப் பூட்டப்பட்டன. எந்தக் குடும்பமும் தன் சொந்தச் செலவில், சொந்தப் பொறுப்பில் ஏழாம் நூற்றாண்டுக் கோபுரத்தை அடிவரை பிரித்துப் பார்க்க முடியாது. தலைமுறைகளாக அந்தக் கோபுரத்தின் நிழலில் வாழ்ந்தவர்களுக்கும் அதன் உள்ளெலும்பு தெரியாது. பொறியாளர்கள், வரைபடக்காரர்கள், கட்டட வரலாற்று அறிஞர்கள், தச்சர்கள் எல்லோரும் ஒரே சாரத்தில் ஏறியபோதுதான் தெரிந்தது. 1949 ஜனவரி 26 அதிகாலையில் தங்க மண்டபத்தில் தீப்பிடித்து, உலகப் புகழ்பெற்ற சுவரோவியங்கள் கருகின. மண்டபத்தின் மேற்பகுதி அதற்கு முன்பே பிரித்து வேறிடத்தில் வைக்கப்பட்டிருந்ததால் தப்பியது. அந்த இழப்பின் அதிர்ச்சியில்தான் 1950-இல் கலாசாரச் சொத்துப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. குடும்ப மரபு ஒரு வாழ்க்கைத் தொழிலாக நிலைபெற, பின்னால் இத்தனை சட்டமும் பணமும் பதிவேடும் தேவைப்பட்டன.

மரபறிவும் படிப்பறிவும் ஒரே சாரத்தில் நின்றால் மோதல் வராமல் இருக்குமா? வந்தது. தங்க மண்டபத்தின் கூரை முதலில் எந்த வடிவில் இருந்தது என்பதில் அறிஞர்கள், அதே கோயிலிலுள்ள தமமுஷி என்ற சிறு பேழையின் கூரையை முன்மாதிரியாகக் காட்டினார்கள். நிஷியோகாவோ பழைய மரங்களில் இருந்த ஆணித் துளைகளைக் காட்டி, இந்தத் துளைகள் அந்த வடிவத்தோடு பொருந்தவில்லை என்றார். ஹோரின்ஜி கோயிலின் மூன்றடுக்குக் கோபுரத்தை மீண்டும் கட்டும்போது மோதல் இன்னும் முற்றியது. அந்தக் கோபுரம் 1944-இல் இடி விழுந்து எரிந்துபோனது. அதை மீட்க நாவலாசிரியை கோதா ஆயா உள்ளிட்ட பலர் பணம் திரட்டினார்கள். வடிவமைத்த அறிஞர் தகேஷிமா தகுயிச்சி, நிலநடுக்கத்தையும் புயலையும் எண்ணி, உள்ளே இரும்பு வைத்து வலுவூட்ட வேண்டும் என்றார். ஹினோக்கி ஆயிரம் ஆண்டு நிற்கும், இரும்போ இருநூறு ஆண்டுக்குள் துருப்பிடிக்கும். துருப்பிடித்து உப்பும்போது தன்னைச் சுற்றியுள்ள மரத்தையும் பிளக்கும் என்று நிஷியோகா எதிர்த்தார். கடைசியில் இரும்பைக் குறைத்து ஒரு சமரசத்தோடு 1975-இல் கோபுரம் எழுந்தது.

இந்தச் சண்டையில் தச்சர் பக்கம் சாய்வது எளிது. அவர் பேச்சில் வசீகரம் இருக்கிறது. ஆனால் நியாயம் முழுவதும் ஒரே பக்கத்தில் இல்லை. அடிக்கடி நிலம் அதிரும் நாட்டில், உள்ளே மக்கள் நிற்கப்போகும் கட்டடத்துக்குப் பொறுப்பேற்கும் அறிஞர், பழையது நின்றது அதனால் புதியதும் நிற்கும் என்று சொல்லிவிட்டு ஒதுங்க முடியாது. நின்றதை மட்டுமே நாம் பார்க்கிறோம். விழுந்துபோன கோபுரங்கள் சாட்சி சொல்ல வருவதில்லை. மரபறிவின் உண்மையான பலவீனம் இதுதான்: அது தன் வெற்றிகளை மட்டும் நினைவில் வைத்திருக்கும். நிஷியோகாவின் பெருமை அவர் எப்போதும் சரியாக இருந்தார் என்பதில் இல்லை. மரபு சொல்கிறது என்று சொல்லி அவர் எதிராளியின் வாயை அடைக்கவில்லை. ஆணித் துளையைக் காட்டினார், துருவைக் காட்டினார். யாரும் வந்து பார்த்து மறுக்கக்கூடிய சான்றை முன்வைத்தார். குடும்பப் பெருமைக்கும் பாதுகாப்புத் தொழிலுக்கும் நடுவிலுள்ள கோடு அங்கேதான் விழுகிறது என்று நினைக்கிறேன்.

இதில் இன்னொரு தடை உண்டு. கட்டடப் பாதுகாப்புத் துறையில் இருப்பவர்கள் முதலில் எழுப்புவது. பரம்பரைக் கைவினைஞர் கட்டத் தெரிந்தவர்; கட்டத் தெரிந்தவருக்குக் கை சும்மா இராது. பழையதை அப்படியே நிறுத்துவதைவிடப் புதிதாகச் செய்யவே அவர் மனம் போகும். நினைவுச்சின்னங்களைப் பற்றி 1964-இல் வெனிஸ் நகரில் உருவான சாசனம் இந்த ஆசைக்குத்தான் கடிவாளம் போட்டது: ஊகம் தொடங்கும் இடத்தில் சீரமைப்பு நின்றுவிட வேண்டும் என்பது அதன் நெறி. யகுஷிஜியின் மேற்குக் கோபுரம் கண்டிப்பாக இந்தக் கேள்விக்கு ஆளாகும். அது பழைய கட்டடம் இல்லை. பழைய முறையில் கட்டிய புதுக் கட்டடம். அதைப் பாதுகாப்பு என்று அழைப்பது சொல்லைத் தேய்ப்பதாகும். ஹோரியுஜியில் நடந்தது பாதுகாப்பு, யகுஷிஜியில் நடந்தது பயிற்சி என்று பிரித்துச் சொல்வேன். பெரும் பயிற்சி அது. யகுஷிஜியின் தலைமைக் குரு தகாதா கோயின், புத்த சூத்திரத்தைக் கையால் எழுதிக் கொடுக்கும் பக்தர்களிடம் படிக்கு ஆயிரம் யென் காணிக்கை பெற்று, பல லட்சம் கைகளின் உதவியோடு அந்தக் கோயிலின் தங்க மண்டபத்தை 1976-இல் எழுப்பினார். ஒரு முழு மண்டபத்தையும் ஒரு முழுக் கோபுரத்தையும் அடியிலிருந்து கட்டிய அனுபவம் ஒரு தலைமுறைத் தச்சர்களுக்குக் கிடைத்தது. கட்டியே அறியாதவர் பிரித்துப் பூட்டுவதும் கடினம். ஆகவே பயிற்சி வீண் இல்லை. ஆனால் அதை அதன் பெயரால் அழைக்க வேண்டும்.

1994-இல் அதே நாராவில் உலக நிபுணர்கள் கூடி, ஒரு கட்டடத்தின் உண்மைத்தன்மை அதன் பொருளில் மட்டும் இல்லை, வடிவம், பயன்பாடு, மரபு, உத்தி இவற்றிலும் இருக்கிறது, ஒவ்வொரு பண்பாட்டையும் அதன் சூழலில் வைத்தே அளக்க வேண்டும் என்று ஓர் ஆவணம் வெளியிட்டார்கள். மரக் கட்டடங்கள் கொண்ட நாடுகளுக்கு இது பெரிய நிம்மதி. மரப்பட்டையால் வேய்ந்த கூரையை முப்பது நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை மாற்றித்தான் ஆக வேண்டும். மரச் சட்டகத்தையே சில நூற்றாண்டுக்கு ஒருமுறை பிரித்துப் பூட்டித்தான் ஆக வேண்டும். அங்கே மாறாமல் இருக்க வேண்டியது செய்யும் முறை. ஆனால் இந்த நாரா ஆவணத்தைக் காட்டி எதையும் இடித்துக் கட்டலாம் என்று ஒரு வசதியான வாசிப்பும் கிளம்பியிருக்கிறது. அதை ஏற்க முடியாது. முறை தொடர்கிறது என்பதற்குச் சான்று வேண்டும்; எந்த மரம் பழையது, எந்த மரம் எந்த ஆண்டில் மாற்றியது என்ற பதிவு வேண்டும். ஹோரியுஜியில் அந்தப் பதிவு இருக்கிறது.

நம் ஊர் வாசகருக்கு இதற்கும் முன்பே வேறொரு கேள்வி எழுந்திருக்கும், எழ வேண்டும். தாத்தா தச்சர், அப்பா தச்சர், அதனால் பேரனும் தச்சர் என்றால், அதற்கு நம்மிடம் குலத்தொழில் என்று பெயர். 1953-இல் சென்னை மாநிலத்தில் ராஜாஜி அரசு தொடக்கப் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றபோது, அதைக் குலக்கல்வி என்று பெயரிட்டு மக்கள் எதிர்த்தார்கள். 1954-இல் முதல்வரான காமராஜர் அதைக் கைவிட்டார். அந்த எதிர்ப்பு நியாயமானது. பிறப்பு ஒருவருடைய உளியையும் ஏட்டையும் தீர்மானிக்கக் கூடாது. குடும்ப மரபைப் போற்றும் எந்தக் கட்டுரையும் இந்த நியாயத்துக்குப் பதில் சொல்லாமல் நகர்ந்துவிட உரிமை இல்லை. நிஷியோகாவின் வாழ்க்கையிலேயே பதில் இருக்கிறது. அவருடைய இரண்டு மகன்களும் தச்சுத் தொழிலுக்கு வரவில்லை. கோயில் வேலை இல்லாத காலத்தில் சாதாரண வீடு கட்டக் கூடாது, வயலில் உழுது பிழைக்க வேண்டும் என்பது ஹோரியுஜித் தச்சர்களின் கட்டுப்பாடு. அந்தக் கட்டுப்பாட்டோடு போரின் பின்விளைவையும் தந்தை பட்ட வறுமையையும் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் வேறு வழி தேடியதில் குற்றம் என்ன? குலத்தின் கையில் மட்டும் விட்டிருந்தால் அந்த அறிவு அவரோடு முடிந்திருக்கும்.

முடியவில்லை. தோச்சிகியில் ஒரு வங்கி ஊழியரின் மகனாக 1947-இல் பிறந்தவர் ஒகாவா மிட்சுவோ. பள்ளிச் சுற்றுலாவில் ஹோரியுஜி கோபுரத்தைப் பார்த்து, இப்படி ஒன்றைக் கட்டும் ஆளாக வேண்டும் என்று முடிவுசெய்தார். நிஷியோகாவிடம் வந்து கேட்டபோது, இப்போது வேலையே இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டார். வேறு இடங்களில் உளி பிடிக்கக் கற்றுக்கொண்டு சில ஆண்டுகள் காத்திருந்தார், 1969-இல் சேர்த்துக்கொள்ளப்பட்டார். முதல் ஆண்டு புத்தகமும் செய்தித்தாளும் தொலைக்காட்சியும் வேண்டாம், கருவியைத் தீட்டினால் போதும் என்பது குருவின் கட்டளை. நிஷியோகா ஒருமுறை இழைப்புளியை இழுத்து, ஊதினால் பறக்கும் ஓர் இழைப்புச் சுருளைக் கொடுத்தார். இப்படி வர வேண்டும் என்பதுதான் பாடம். ஒகாவா அதை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிவைத்து, அதேபோல வரும்வரை தீட்டினார். 1977-இல் இகருகா கோஷா என்ற தச்சுக் குழுவைத் தொடங்கினார். சேரும் இளைஞர்கள் சேர்ந்து தங்கி, சமைத்து, கருவி தீட்டி, ஏறக்குறைய பத்தாண்டுகள் பயில்கிறார்கள். எந்தக் குலத்தவர் என்று அங்கே கேட்பதில்லை. குலக்கல்வி பிள்ளையின் நேரத்தைப் பறித்துப் பெற்றோரின் தொழிலில் அவனைக் கட்டிப்போட நினைத்தது. இங்கே ஒரு பிள்ளை தன் விருப்பத்தால் இன்னொரு வீட்டின் அறிவைச் சுமக்க வந்தான். இரண்டும் வேறுவேறு. தமிழ்நாட்டில் 1957-இல் மாமல்லபுரத்தில் தொடங்கிய சிற்பப் பயிற்சி நிலையமும் இந்தத் திசையில் எடுத்த அடிதான். பரம்பரைச் சிற்பியான வைத்தியநாத ஸ்தபதி அதற்குத் தலைமை ஏற்றார். சிற்பி வீட்டில் பிறக்காதவரும் சிற்ப சாத்திரம் கற்க அங்கே வழி பிறந்தது.

இன்னும் சொல்லப்போனால், ஜப்பானில் 'குடும்பம்' என்பதே நாம் நினைப்பதைவிட நெகிழ்வானது. ஒசாகாவில் 578-இல் ஷிதென்னோஜி கோயிலைக் கட்ட கொரியாவின் பேக்சே நாட்டிலிருந்து வந்த தச்சர் ஒருவரின் வழியில் தோன்றியது கோங்கோ குமி நிறுவனம். உலகின் மிகப் பழைய நிறுவனம் என்று அதைச் சொல்வார்கள். அந்தப் பரம்பரையின் முதல் ஆளே வெளிநாட்டவர். தகுதியான மகன் இல்லாதபோது மருமகனைத் தத்தெடுத்துக் குடும்பப் பெயர் கொடுத்துத் தொழிலை ஒப்படைப்பது அந்த நாட்டு வழக்கம். 1930-களில் கணவர் இறந்தபின் யோஷியே என்ற பெண் கோங்கோ குமியின் 38-ஆம் தலைவராகப் பொறுப்பேற்றார். தச்சுப்பட்டறைக் கதவு பெண்களுக்கு மூடியே இருந்த காலத்தில் அது அபூர்வம். அந்தக் கதவு அதிகம் திறக்காதது இந்த மரபின் மேல் நியாயமாக வைக்க வேண்டிய குறை. அப்படிப் பதினான்கு நூற்றாண்டு தாங்கிய குடும்ப நிறுவனம், நிலத்தில் செய்த முதலீட்டால் ஏறிய கடனில் தத்தளித்து, 2006-இல் தகமட்சு என்ற பெரிய கட்டுமான நிறுவனத்தின் கைக்குப் போனது. பெயரும் தச்சர்களும் கோயில் வேலையும் தொடர்கின்றன. குடும்பத்தின் பிடி தளர்ந்தும் தொழில் நின்றுபோகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

தொழிலைக் குடும்பத்திடமிருந்து பிடுங்காமல், குடும்பத்தையும் தாண்டி நிலைக்க வைத்ததில் 1975-இல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பெரும் பங்கு உண்டு. கட்டடத்தைக் காப்பதற்கு இன்றியமையாத உத்திகளை அரசே தேர்ந்தெடுத்து, அவற்றைக் கைவரப்பெற்ற நபரையும் குழுவையும் அங்கீகரித்து, அவர்கள் மற்றவர்களுக்குக் கற்றுத்தரும் செலவில் பங்கேற்கும் ஏற்பாடு அது. நிஷியோகாவும் அப்படி அங்கீகரிக்கப்பட்டவர். தச்சு மட்டும் இல்லை: மரப்பட்டைக் கூரை வேய்தல், சுவர்ப் பூச்சு, அரக்கு, பாய் நெசவு என்று கட்டடத்தைச் சுற்றியுள்ள கைகள் எல்லாம் பட்டியலில் வந்தன. 2020-இல் யுனெஸ்கோ மானுடத்தின் அருவ மரபுப் பட்டியலில் சேர்த்தபோது இப்படிப் பதினேழு உத்திகள் ஒரே பதிவாகச் சேர்ந்தன. விருதும் பட்டமும் கொடுத்து முதியவரை மேடையில் உட்கார வைப்பதோடு இந்த ஏற்பாடு நிற்பதில்லை. கற்றுத்தர வேண்டும் என்ற கடமையையும் சேர்த்தே அங்கீகாரம் வருகிறது. பட்டத்தைவிட இந்தக் கடமைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

கடைசியாக ஒரு தடை இருக்கிறது. அதற்குத் தச்சரின் வீட்டில் பதில் இல்லை. ஆயிரம் ஆண்டு நிற்கும் தூணுக்கு ஆயிரம் ஆண்டு வளர்ந்த மரம் வேண்டும். யகுஷிஜிக்கு அப்படிப்பட்ட ஹினோக்கி ஜப்பானில் கிடைக்கவில்லை. நிஷியோகா தைவான் மலைகளுக்குப் போய்த் தேடி வாங்கினார். ஏற்கெனவே ஜப்பானியக் காலனி ஆட்சியில் பெருமரங்களை இழந்திருந்த மலைகள் அவை. 1990-களின் தொடக்கத்தில் தைவான் தன் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவதைத் தடுத்தது. அது சரியான முடிவு. ஒரு நாட்டின் கோயில் இன்னொரு நாட்டின் காட்டைத் தின்று நிற்க வேண்டுமானால், அந்தப் பாதுகாப்புக்கு நான் வாதாட மாட்டேன். மரத்தை அறியச் சொன்ன தாத்தாவின் பாடத்தில், மரத்தை நடும் பாடமும் அடங்கியிருக்க வேண்டும். தச்சுக் குடும்பங்களிடம் அதற்கு நிலமோ பணமோ ஆண்டுகளோ கிடையாது.

அந்த ஆண்டுகளைக் கணக்கில் எடுத்த இடம் இசே பெருங்கோயில். இருபது ஆண்டுக்கு ஒருமுறை முழுவதும் புதிதாகக் கட்டப்படும் கோயில் அது. 2013-இல் 62-ஆவது முறை நடந்தது. பல நூற்றாண்டுகளாக மரத்துக்கு வெளிக்காடுகளை நம்பியிருந்த இசே, 1923-இல் தன் சொந்தக் காட்டில் ஹினோக்கி வளர்க்க இருநூறு ஆண்டுத் திட்டம் ஒன்றை வகுத்தது. ஒன்பது தசாப்தம் கழித்து, 2013 கட்டுமானத்தில் அந்தக் காட்டின் மரங்கள் முதன்முதலாக ஓரளவு பயன்பட்டன. அவையும் நடுத்தரப் பருமன் உள்ளவை. பெருந்தூணுக்குத் தேர்ந்தெடுத்த மரங்கள் அந்தச் சரிவுகளில் இன்னும் நிற்கின்றன. அவற்றின் அடிமரத்தில் வெள்ளை வண்ணத்தால் இரட்டை வளையம் தீட்டியிருக்கிறார்கள், களையெடுக்க வருகிறவர் தவறி வெட்டிவிடாமல் இருக்க. திட்டம் முடிய வேண்டிய ஆண்டு 2123.